கைவசம் கரடி இல்லாத கோல்

கார்ட்மோர் பைசன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாறு முழுவதும் ஒரு நீல நோட்டில் இருக்கிறது. எழுதியவள் வெல்மா ஹ்ரிசாக் என்பதால் அதில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. 1974-ல் கோதுமைக் கிடங்கு ஆட்கள் கூடி அணியைத் தொடங்கியது, 1982-ல் பனியின் பாரம் தாங்காமல் அரங்கத்துக் கூரை விழுந்து அந்த சீசன் முழுக்க வெட்டவெளியில் ஆடியது, 1991-ல் கோப்பை வாங்கியது எல்லாம் உண்டு. தோல்விகளும் உண்டு. அவை பொடி எழுத்தில் இருக்கும்.

ஊரில் ஐயாயிரம் பேர். இருபது வயதுக்குட்பட்ட பையன்களின் அணிக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஊர்தான் சொந்தக்காரர், வெல்மா தலைவி. மூன்று வருடமாக இருக்கைகள் பாதி காலி. அணியைப் பெரிய நகரத்துக்கு மாற்றலாமா என்று பார்த்து வர டார்சி மக்லீஷ் என்பவரை லீக் நிர்வாகம் அனுப்பியிருந்தது. அவர் சொல்வதுதான் முடிவு. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டி வருமோ என்று வெல்மா பயந்தாள்.

டார்சியை வேண்டுமென்றேதான் கரடி நாளுக்கு வரவழைத்தாள். அன்று நம் அணி முதல் கோல் போட்டதும் ஆளாளுக்குக் கரடி பொம்மையைத் திடலுக்குள் எறிவார்கள். அத்தனையும் ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போகும். வருடத்தில் அன்று ஒருநாள்தான் அரங்கம் நிரம்பும். ஆனால் மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. இரண்டாயிரம் இருக்கையில் வந்து சேர்ந்தது எழுநூறு பேர்.

எட்டாவது நிமிடம் ரப்பர் வட்டு வலைக்குள் போனது. முப்பது வருடமாக மைக்கில் அறிவிப்புச் செய்யும் ஆர்னி, "கோல்!" என்று கத்தினான். எழுநூறு பேரும் எறிந்தார்கள். அதற்குப் பிறகுதான் நடுவர் கையை விரித்துக் காட்டினார். வட்டைக் கையுறையால் தள்ளியிருக்கிறார்கள், கோல் செல்லாது.

பொம்மைகளை அள்ளி மூட்டை கட்ட அரை மணி நேரம் ஆனது. எதிரணிப் பையன் ஒருவன் ஒரு கரடியைத் தூக்கித் தங்கள் கோல்கீப்பர் இடத்தில் உட்காரவைத்துச் சிரித்தான். டார்சி ஏதோ எழுதிக்கொண்டார். வெல்மா நேரே மைக் அறைக்குப் போனாள்.

"யோவ் ஆர்னி, ரெஃப்ரி கையப் பாத்துட்டு வாயத் தொறக்கக் கூடாதா?"

"பாக்கத்தான் நெனச்சேன் வெல்மா. வாய் முந்திக்கிச்சு."

அவனைத் திட்டவும் அவளுக்குத் தெம்பு இல்லை. மானம் போன வழியே அணியும் போகப் போகிறது என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம். எதிரணி ஒரு கோல் போட்டிருந்தது, பைசன்ஸ் இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை. டைசன் லபூக் தூரத்திலிருந்து அடித்தான். தற்காப்பு ஆட்டக்காரன், இரண்டு வருடத்தில் ஒரு கோல்கூடப் போடாதவன். வட்டு உள்ளே போனது. இந்தத் தடவை ஆர்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நடுவரையே பார்த்தான். நடுவர் வலையைக் காட்டினார்.

எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். எறியத்தான் கையில் ஒன்றும் இல்லை. யாரோ மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பியை எறிந்தார்கள். ஒரே ஆட்டக்காரன் மூன்று கோல் போட்டால்தான் தொப்பி பறக்கும், அதுதான் வழக்கம். டைசன் போட்டது ஒன்றே ஒன்று. அதை யார் கேட்டார்கள்? அந்தக் குளிரில் வெறுந்தலையோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்றுகூட யோசிக்காமல் அரங்கமே தொப்பியைக் கழற்றி எறிந்தது. வெல்மாவும் எறிந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

கூடுதல் நேரத்தில் தோற்றுப்போனார்கள். அதைப் பொடி எழுத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கூட்டம் அவரவர் தொப்பியைப் பொறுக்கிக்கொண்டு கலைந்த பிறகும், மிச்சமிருந்த தொப்பிக் குவியலில் வழுக்கைத் தலை ஒன்று குனிந்து துழாவிக்கொண்டிருந்தது. டார்சி.

"என்ன தேடுறீங்க?" என்றாள் வெல்மா.

"சாம்பல் கலர் தொப்பிங்க. காத மூடுற மாதிரி இருக்கும்."

"நீங்களுமா எறிஞ்சீங்க?"

அவர் நிமிரவில்லை. "அடுத்த வருஷம் ஆளுக்கு ரெண்டு கரடியா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஆர்னி வாய நம்ப முடியாது."

வெல்மா அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சாம்பல் நிறத் தொப்பியைத் தேட ஆரம்பித்தாள்.