துடைப்பத்தின் கட்சி

பேராசிரியர் தன் வாழ்நாளில் முப்பது வருடத்தைக் கைனேஸுக்குக் கொடுத்திருந்தார். செல்லுக்குள் புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்திக்கொண்டே போகும் நொதி அது. வளர், நகர், இரண்டாகப் பிரி என்று ஒவ்வொரு முத்திரையும் ஓர் உத்தரவு. உத்தரவு போட்டே பழகியவருக்கு அப்படியொரு நொதியைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த முத்திரைகளைச் சுரண்டி எடுக்கும் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை அவர் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அதை ஆராயும் ஒரே பெண்ணுக்குத் 'துடைப்பம்' என்று பெயர் சூட்டியதோடு தன் கடமை தீர்ந்தது என்று இருந்தார்.

துடைப்பம் அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. போட்ட உத்தரவு எதுவும் ரத்தாகாமல் கிடந்தால் எந்த ஆபீஸ் உருப்படும் என்பது அவள் கட்சி. 'பிரி' என்ற உத்தரவை நேரத்தோடு அழிக்காவிட்டால், செல் முழுதாகப் பிரியவும் முடியாமல், பழையபடி ஆகவும் முடியாமல், பாதியில் உருண்டை பிடித்து நிற்கும். மைக்ராஸ்கோப்பில் அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அழிக்கிற நொதியும் கண்டபடி கை நீட்டுவதில்லை. எந்த முத்திரை, எந்த நேரம் என்று அழைத்துப்போக ஒரு கூட்டாளிப் புரதம் வேண்டும். அப்படிப்பட்ட கூட்டாளி ஒன்றின் பின்னால்தான் நான்கு வருடமாக அலைகிறாள்.

அந்த நான்கு வருடத்தை மூடிவிடலாம் என்று பேராசிரியர் பரிந்துரை எழுதியிருந்தார். முடிவெடுக்க மதிப்பீட்டுக் குழு இரண்டு நாள் வந்திருந்தது.

"கூட்டாளியாவது கீட்டாளியாவது! அது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். குழு முன்னாடி நானே என் கையால செஞ்சு காட்டுறேன்" என்றார் பேராசிரியர்.

ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் துடைப்பத்துக்கு நாத்தனார். தம்பிக்குப் பெண் தேடி ஊரெல்லாம் சுற்றாமல், செல் வளர்க்கும் அறைக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொண்டவள். அவள் காதோரம் வந்து, "இவர் கடைசியா பைப்பெட்டைத் தொட்டப்ப உன் புருஷன் அரைக்கால் சட்டை போட்டுட்டிருந்தான்" என்றாள்.

"சும்மா இருங்க அண்ணி. என் பொழைப்பே இப்ப அவர் கையில இருக்கு."

பேராசிரியர் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் வந்தார். இரண்டு தட்டுகள். ஒன்றில் சாதாரண செல்கள். மற்றதில் துடைப்பம் கூட்டாளியை நீக்கியிருந்த செல்கள். கரைசல் ஊற்றி, இரண்டையும் உடைத்து, இரண்டு குழாய்களில் எடுத்தார். கை நடுங்கவில்லை, பாராட்ட வேண்டும்.

செல் உடைந்தது என்பது நொதிக்குத் தெரியாது. எஜமானர் போன பிறகும் அது பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் கரைசலில் தடுப்பான் சேர்க்க வேண்டும். குழாய்களை ஐஸில் புதைக்க வேண்டும். இந்தத் துறையில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே தலையில் குட்டிச் சொல்லும் பாடம். பேராசிரியரோ குழாய்களை மேஜைமேல் சும்மா நிறுத்திவிட்டு, கைனேஸின் பெருமையைப் பேச ஆரம்பித்தார். தடுப்பான் பாட்டில் ஃப்ரீஸரை விட்டு அசையவில்லை.

"சார், ஐஸ்ல..." என்றாள் துடைப்பம்.

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராதம்மா."

நாற்பது நிமிடம் பேசினார்.

மறுநாள் மதியம் எல்லாரும் கணினித் திரை முன் கூடினார்கள். முத்திரை இருக்கும் இடம் கறுப்பாக விழும் படம் அதில் வந்திருந்தது. புரதம் இரண்டு குழாய்களிலும் ஒரே அளவு. முத்திரை மட்டும் அப்படியில்லை. சாதாரண செல்களின் பக்கம் துடைத்து வைத்த பலகைபோல் வெறுமை. கூட்டாளி இல்லாத பக்கம் மை கொட்டினாற்போல் கறுப்புப் பட்டை.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் பேராசிரியர்.

"பாதி படத்துக்கு மட்டுமா?" என்றார் குழுத் தலைவி. குள்ளமான பெண்மணி, நேற்றிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். துடைப்பத்தின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

'நான் சொன்னது சரிதான்' என்று ஒரு வார்த்தை போதும். பின்னால் நின்ற நாத்தனார் அவள் இடுப்பில் குத்தினாள்; அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்து என்று பொருள். துடைப்பம் திரைக்கு அருகே போனாள்.

"இது தப்பா செஞ்ச சோதனைங்க. தடுப்பான் சேர்க்கல, ஐஸ்லயும் வைக்கல. சார் பேசப் பேச, நொதி முத்திரை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துடுச்சு."

குழுவில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். பேராசிரியரின் காது சிவந்தது.

"ஆனா ரெண்டு குழாய்லயும் அதே தப்புதாங்க. இந்தப் பக்கமும் நொதி இருக்கு, அதே நாப்பது நிமிஷமும் இருந்துச்சு. கூட்டாளி மட்டும் இல்ல. அதனால எங்க கை வைக்கிறதுன்னு அதுக்குத் தெரியல."

"அப்ப நிரூபிச்சாச்சு?" என்றார் தலைவி.

"இல்லைங்க. ஒரு தடவை நடந்தது போதாது. வேணும்னே இதே மாதிரி மூணு தடவை செய்யணும். எடுத்த கூட்டாளியத் திரும்பக் கொடுத்தும் பார்க்கணும்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். தலைவி மூடவேண்டிய வேலைகளின் பட்டியலை எடுத்தார். பேனா நான்காவது வரியில் நின்றது. அந்த வரி முழுவதும் கோடு விழுந்தது.

"இதை மூட வேண்டாம். செஞ்சு முடிச்சு எனக்கு எழுதுங்க. எது போதாதுன்னு சொல்ல ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம்."

பேராசிரியர் அதற்குள் நிமிர்ந்துவிட்டார். "நான் ஐஸ் வைக்காததே அதுக்குத்தான். ரொம்ப நாளா மனசுல இருந்த யோசனை" என்றார். யாரும் மறுக்கவில்லை. சில முத்திரைகளை அழிக்க இன்னும் கூட்டாளி பிறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை துடைப்பம் புதிதாகச் செல்களை உடைத்து, குழாய்களை ஐஸ் இல்லாமல் நிறுத்தினாள்.

"முதல் தடவை மாதிரியே செய்யணும்னா, பேசுறதுக்கு அவரையும் கூப்பிடணுமே?" என்றாள் நாத்தனார்.

"அண்ணி!"

கடிகாரத்தை நாற்பது நிமிடத்துக்கு வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குழாய்க்குள் வெறும் தண்ணீர்போல்தான் தெரிந்தது. ஓர் அசைவு இல்லை, ஓசை இல்லை. இருந்தும் அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.