கால்சட்டையில் ஒட்டி வந்தவை

ஆகஸ்ட் முழுக்க எனக்கு பிராசிக்காபா ஆற்றங்கரைக் காட்டில் வேலை. வெட்ட வேண்டிய யூகலிப்டஸ் மரங்களுக்குச் சிவப்புப் பெயின்ட்டால் குறி போடுவேன். கபிபாராக் கூட்டம் படுத்து எழுந்த புல்லில்தான் நடந்தாக வேண்டும். பன்றி அளவு இருக்கும் அந்தப் பிராணிகளின் உடம்பெல்லாம் உண்ணி. காட்டு முகப்பில் உண்ணி பற்றிய எச்சரிக்கைப் பலகை உண்டு. அது உள்ளே போகிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, என் கால்சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி எடிலேனி சிரித்தாள்.

“என்ன வால்டெசிர், கூட வேலை பாக்குறவங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்ட போல?”

மடிப்பெல்லாம் கடுகைவிடச் சிறிய உண்ணிகள். பிடித்துப் பிடித்து நகத்தால் நசுக்கினாள். எங்கள் பதினொரு வயது மகள் தைனாவும் சேர்ந்துகொண்டாள். நான் காபி குடித்தபடி வேடிக்கை பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எடிலேனிக்குக் காய்ச்சல். தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. சுகாதார நிலையத்து இளம் டாக்டர் கேட்டார்.

“காடு, ஆத்தங்கரைப் பக்கம் போனீங்களா?”

“நானா? பேக்கரிய விட்டா வீடு, வீட்ட விட்டா பேக்கரி. காட்டுக்குப் போக எனக்கு ஏது நேரம் டாக்டர்?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

திங்களன்று அவள் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள். செவ்வாய்க்கிழமை காலை எழுந்து நிற்கவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பெண் டாக்டர் அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் புள்ளிகள்.

“வீட்டுல யார் காட்டுக்குப் போறது?”

“நான்தாங்க.”

“இவங்கள உண்ணி கடிச்சுதா?”

“தெரியலங்க. என் துணியில இருந்தத நகத்தால நசுக்கினா.”

“நசுக்கினாலும் தொத்தும். உண்ணிக் காய்ச்சல்” என்றார், நர்ஸிடம். மருந்து ஏறத் தொடங்கியபோது மணி பதினொன்று. நாலரைக்கு எடிலேனி போய்விட்டாள்.

“எழுப்புங்க, வீட்டுக்குப் போகணும்” என்று நர்ஸிடம் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை காலைவரை பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள்.

புதன்கிழமை அடக்கம் முடிந்து திரும்புகையில் தைனா என் மேல் சாய்ந்தாள். உடம்பு கொதித்தது. அப்படியே சுகாதார நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினேன். அதே இளம் டாக்டர்.

“உண்ணிய நசுக்கினவ இவளும். உண்ணிக் காய்ச்சல் மருந்த இப்பவே குடுங்க” என்றேன்.

“ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமே, ரிசல்ட் வந்ததும்...”

“என் பொண்டாட்டியோட ரிசல்ட்டே இன்னும் வரல டாக்டர். அவள இப்பதான் புதைச்சுட்டு வர்றேன்.”

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அலமாரியைத் திறந்து டாக்சிசைக்ளின் மாத்திரையை எடுத்து, தானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஆம்புலன்ஸில் எங்களோடு ஆஸ்பத்திரிவரை வந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தைனா சீஸ் ரொட்டி கேட்டாள். பாதி தின்றவள் நிறுத்தினாள்.

“அப்பா, அம்மாவுக்கு ஏன் இந்த மாத்திரைய அன்னிக்கே குடுக்கல?”

டாக்டரைக் குறை சொல்லியிருக்கலாம்.

“நான் காட்டுக்குப் போறவன்னு அன்னிக்கு டாக்டர்கிட்ட சொல்லல கண்ணு” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். மீதி ரொட்டியை என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.