மேல்மாடி வீட்டைப் பார்க்க வந்தவர்கள்

1.

இந்தக் கதை ஒரு வாசலில் கிடந்த காலணிக் குவியலிலிருந்து வந்தது. அதில் ஒரு ஜோடி என்னுடையது.

பல நாட்டவர் குடியேறிய கேம்ப்சி புறநகரில், லிஃப்ட் இல்லாத செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடி வீடு வாடகைக்கு வந்திருந்தது. சனிக்கிழமை காலை, பார்க்கப் பதினைந்து நிமிடம். படிக்கட்டு முழுக்க வரிசை. முதலில் நின்ற கொரியப் பெண்மணி பழக்கதோஷத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். பின்னால் நின்ற நேபாளிகள், லெபனான்காரர்கள், டோங்காக்காரர்கள், நான், எல்லோரும் கழற்றினோம். எங்கள் எல்லார் வீட்டிலும் அதுதானே வழக்கம். தரகன் கெவின் மட்டும் கூர்முனை ஷூவோடு கம்பளத்தின்மேல் நின்று, கோயிலுக்குள் தவறி நுழைந்துவிட்டவனைப் போல விழித்தான்.

2.

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் நகரமே ஒரு—"

(ஒரு என்ன? தெரிந்தது ரயில் பாதையும் ஒரு கோழிக்கடையும்தான்.)

இரண்டாவது: "லோசலின் தனிமையில்—"

(பொய். பதினோரு பேர் இருக்கும் வீட்டில் ஏது தனிமை?)

மூன்றாவது, இதை வைத்துக்கொள்கிறேன்: லோசலினுக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.

வரிசையில் நின்ற டோங்காக்காரி அவள். அக்கா வீட்டுக் கூடத்தில்தான் அவளும் ஏழு வயது மகள் ஓஃபாவும் படுத்தார்கள். தொலைக்காட்சியில் ரக்பி முடிந்து, மச்சானின் நண்பர்கள் கடைசிக் கோழித்துண்டையும் தின்றுவிட்டு எழுந்து போன பிறகுதான் ஓஃபாவுக்கு மெத்தை விரியும். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். மேல்மாடி வீட்டின் சின்ன அறைக் கதவை லோசலின் சாத்திப் பார்த்தாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள்.

அந்தக் கதவு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், வாசலில் கிடந்த கறுப்பு ஷூக்களில் எதை மாட்டினோம் என்று கவனிக்கவில்லை. வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகுதான் இடது கால் உயர்ந்து நிற்பது உறைத்தது. ஷூவுக்குள் ஒரு தக்கைத் துண்டு. மடிப்புகளில் மாவு. அளவு என்னவோ கச்சிதம், ஆனால் அது ஓர் ஆணின் ஷூ.*

* "என் கால் ஆம்பளைக் கால்னு எழுதப் போறியா?" என்று லோசலின் என்னை முறைக்கிறாள். இல்லை. டோங்காவில் அதற்கு நல்ல கால் என்று பெயர்.

3.

அந்த ஷூவின் சொந்தக்காரர் வஹீபை முதலில் கெட்டவராகத்தான் எழுதினேன். வீட்டுக்குப் போட்டியாக வந்தவர் கெட்டவராக இருந்தால் நமக்கு வேலை சுலபம். லோசலின் தொலைபேசியில் கேட்டபோது கெவின் சிரித்தான்: "உங்க ஷூவைப் போட்டுட்டுப் போனவரும் கூப்பிட்டாருங்க. ஸ்டேஷன் பக்கத்துல ரொட்டிக்கடை." மறுநாள் அவள் கடைக்குள் நுழைந்ததும் அவர் அடுப்பை விட்டு நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். அதன்பிறகு அவரைக் கெட்டவராக்க என்னால் முடியவில்லை.

"அங்கிள், இது உங்களோடதா?"

"அங்கிளா? நாப்பத்திநாலு வயசுக்கா? ஷூவத் தூக்கிட்டுப் போனது பத்தாதுன்னு வயசையும் ஏத்துறியா சிஸ்டர்?"

"நீங்கதான் முதல்ல என்னோடதப் போட்டுட்டுக் கெளம்புனீங்க, ப்ரோ."

"போட்டுக்கிட்டு, தக்கை இல்லாம நேத்துலேர்ந்து கப்பல்ல நடக்குறவன் மாதிரி ஆடிட்டிருக்கேன். உக்காரு. சாப்பிடாம ஷூ கிடையாது."

ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவிய சூடான ரொட்டி வந்தது. அவள் இரண்டாவது துண்டைப் பிய்த்தபடி கேட்டாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு மேல்மாடி எதுக்கு? லிஃப்ட்கூட இல்ல."

"ராத்திரி ரொட்டி சுடுறேன். பகல்லதான் படுக்கணும். இப்ப இருக்குற வீட்டுல தலைக்கு மேல மூணு பசங்க. தங்கமான பசங்க, ஆனா குதிரைங்க. மேல்மாடிக்கு மேல யாரு இருக்கா? புறா." சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். முழங்கைவரை புதுத் தீக்காயம். "போன வாரம் அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

ஓஃபாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்றுதான் லோசலின் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்ப ரெண்டு பேரும் தூக்கத்துக்குத்தான் அலையுறோம்" என்றார் வஹீப்.

"அதுக்காக நான் விட்டுத்தர மாட்டேன்."

"யாரு கேட்டா? நானும் மாட்டேன். இன்னொரு ரொட்டி வைக்கவா?"

4.

வீட்டுக்காரர் கடைசியில் இந்த இருவரின் பெயரைத்தான் தேர்ந்து வைத்திருந்தார். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு இன்றே அழைப்பு வரும்.

முதல் முடிவு: இருவரும் சேர்ந்தே குடியேறுகிறார்கள். இரண்டு அறை இருக்கிறதே! எழுதியதுமே லோசலின் மறித்தாள்: "ஷூ மாறிப்போச்சுன்னு ஒரு ஆம்பளையோட வீடு எடுப்பாங்களா? எங்க அக்கா என்னைப் பன்னியோட சேத்து வச்சுச் சுட்டுருவா." வஹீபும் தலையாட்டினார்: "இந்த சிஸ்டர் பகல்ல பாடுமாம், சார்."

இரண்டாவது: ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் விட்டுக்கொடுக்க, வீடு வரிசையில் நின்ற மூன்றாவது ஆளுக்குப் போகிறது. அழகான முடிவு. ஆனால் ஓஃபா இன்னும் கூடத்தில்தான் தூங்குகிறாள். வஹீப் இன்னும் அடுப்பு முன்னால் தள்ளாடுகிறார். தவிர, அந்த மூன்றாவது ஆள் நான். இந்த முடிவைக் கொஞ்ச நாள் ஆசையாக வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன்.

5.

ரொட்டிக்கடையில், மாவு படிந்த மேசையில் இரண்டு கைபேசிகள். ஒன்று ஒலிக்கிறது.

யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பெயரை எழுதினால் இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுத்தவனாவேன். வீட்டுக்காரருக்கு அது வழக்கம், எனக்கு வரவில்லை.

எடுக்கச் சொல்கிறது ஒரு குரல். எடுப்பதாகச் சொல்கிறது மற்றது. எடுக்கவில்லை.

"நின்னுடப் போகுது!" கிடைக்காமல் போனவரின் குரல்தான் அது. கோபமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கைபேசியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவது அந்தக் கைதான்.

கெவின் பெயரைச் சொல்லப் போகிறான். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள், மேசையின் மறுபக்கம் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிரப்புங்கள்.

"ஹலோ, .................. தானே?"