நகல் இயந்திரம் எழுதிய கடிதம்

தண்ணீர்ப் பரிசோதகருக்கு அந்த அலுவலகம் வைத்திருந்த பெயர் கொதிகலன். அவளுக்குக் கோபம் வந்தால் நான்காம் மாடிப் பூந்தொட்டி வாடிவிடும் என்பார்கள். அது சுத்தப் பொய். வாடுவது இரண்டாம் மாடிப் பூந்தொட்டிதான்.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு அவள் கொதித்ததற்கு நியாயம் இருந்தது. குன்றின் மேலிருக்கும் தொட்டியிலிருந்து முந்தின நாள் எடுத்த தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. கண்ணாடித் தட்டில் கிருமிகள் இடம் போதாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. மாலை ஆறு மணிக்கு அந்தத் தண்ணீரை எண்ணூறு வீடுகளுக்குத் திறந்துவிடுவார்கள். திறக்கக் கூடாது என்று எழுத்தில் ஒரே ஒரு வரி போக வேண்டும். அது போகமாட்டேன் என்றது.

அவளுடைய கணினி பரிசோதனைக் கருவியோடு ஒட்டிப் பிறந்த கிழடு. ஒன்றை மாற்றினால் மற்றது உயிரை விட்டுவிடும். அதிலிருந்த மின்னஞ்சல் மென்பொருளும் அதே வயதுதான், ஆனால் பதினாறு வருடமாக ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கணினிப் பிரிவு சர்வரை மாற்றியது. புதுச் சர்வர் பழைய மென்பொருளை வாசலிலேயே நிறுத்திக் கடவுச்சொல் கேட்டது. கொடுத்தால் மறுபடி கேட்டது. அன்று மட்டும் நாற்பத்தொரு தடவை கேட்டது. நாற்பத்திரண்டாவது தடவை கடவுச்சொல் பெட்டிக்குள் அவள் தட்டிய சொற்களை அச்சில் ஏற்ற முடியாது. கணினி அவற்றையும் புள்ளி புள்ளியாக மறைத்து, மரியாதையாக நிராகரித்தது.

அவள் தொட்டிக்குப் போன் போட்டாள். இருபது கிலோமீட்டர் தள்ளி, அங்கே வால்வைத் திறந்து மூடுகிறவர் அவளுடைய கணவர்.

“என்னங்க, சாயங்காலம் திறக்காதீங்க. தண்ணி கெட்டுப்போச்சு.”

“எழுத்துல அனுப்பும்மா.”

“நான்தான் சொல்றேன்ல.”

“போன வருஷமும் ஒரு அதிகாரி இப்படித்தான் போன்ல சொன்னாரு, மூடினேன். அப்புறம் நான் சொல்லவே இல்லைன்னுட்டாரு. மூணு மாசம் வேலையில்லாம வீட்டுல உக்காந்து உன்கிட்ட திட்டு வாங்கினேன். ஆபீஸ் மெயில்ல ஒரு வரி வரட்டும், சாயங்காலம் திறக்கவே மாட்டேன்.”

“வரலைன்னா?”

“ஆறு மணிக்குத் திறக்கணும். திறக்கலைன்னா இந்தத் தடவை வேலையே போயிரும்.” அவர் குரல் இறங்கியது. “எப்படியாவது அனுப்பிடு.”

அவள் கணினிப் பிரிவுக்கு ஏறினாள். அதன் தலைவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கும் அவர் பூட்டுப் போட்டிருப்பதாக அவர் மனைவியே சொன்னதாகக் கேள்வி.

“பழைய மென்பொருளுக்குப் பாதுகாப்பு இல்ல மேடம். பிரௌசர்ல வாங்க.”

“என் கம்ப்யூட்டர்ல உங்க பக்கம் திறக்கறதே இல்ல.”

“கம்ப்யூட்டரை மாத்துங்க.”

“மாத்தினா கருவி ஓடாது.”

“கருவியை மாத்துங்க.”

“அடுத்து ஆளை மாத்துங்கம்பீங்க.”

“அது என் பிரிவு இல்ல மேடம்.”

“சரி, இதோ உங்க கம்ப்யூட்டர்லயே உக்காந்து என் பேர்ல அனுப்பறேன்.”

“அவங்கவங்க பேரு அவங்கவங்க கம்ப்யூட்டர்லதான் திறக்கும். புது விதி. விதிவிலக்கு வேணும்னா படிவம் கொடுங்க, செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும்.”

“கிருமியையும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிடவா? இதுவரைக்கும் யாருக்குமே விலக்கு கொடுக்கலையா?”

“ஒண்ணே ஒண்ணுக்குக் கொடுத்திருக்கோம். மூணாம் மாடி நகல் இயந்திரத்துக்கு. அது ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பும் பாருங்க, அதால புதுச் சர்வர் கூடப் பேச முடியாது.”

“அது செத்து நாலு மாசமாச்சு.”

“விலக்கு ரெண்டு வருஷத்துக்கு இருக்கு மேடம்.”

அவள் கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தாள். கொதிகலன் அப்படி நடந்தால் படிக்கட்டே ஒதுங்கி வழிவிடும். தன் பெயரில் முடியாவிட்டால் வேறு யார் பெயரிலாவது ஒரு வரி போகட்டும் என்று மேசை மேசையாகக் கேட்டாள். வண்டிப் பிரிவு எழுத்தருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு வரவிருந்தது. படம் வரைபவர், “அது கிருமிதான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?” என்றார். காசாளர் பணப்பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“குன்றுத் தொட்டியா? என் மாமியார் வீட்டுக்கு அந்தத் தண்ணிதான் வருது.”

“அப்ப அனுப்புங்க.”

“இருந்தாலும் என் பேர் வேணாமே மேடம்.”

நான்கு மாடியிலும் முப்பத்தாறு பேர் இருந்தார்கள். பெயரைக் கொடுக்க ஒருவர் இல்லை. மணி ஐந்தேகால். மூன்றாம் மாடி நடையின் கோடியில் அவள் ஆத்திரத்தோடு கையை ஓங்கி அறைந்தாள். அறை விழுந்தது நகல் இயந்திரத்தின் தலையில். அதன்மேல் யாரோ காயவைத்திருந்த குடை கீழே விழுந்தது. குடை மறைத்திருந்த இடத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழுது பார்க்க வந்தவரின் கையெழுத்தில் இயந்திரத்தின் மின்னஞ்சல் முகவரி, சர்வர் பெயர், கடவுச்சொல். உலகத்தையே பூட்டிவைத்த மனிதர் இதற்கு வைத்திருந்த கடவுச்சொல், ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள்.

அவள் சீட்டைப் பிய்த்துக்கொண்டு கீழே ஓடினாள். கிழட்டு மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து தன் பெயரை அழித்தாள். அங்கே இயந்திரத்தின் பெயரை எழுதினாள். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தாள். இன்னொரு தடவை கேட்டால் கணினி ஜன்னல் வழியே போவது என்று முடிவாகியிருந்தது. அது கேட்கவில்லை. விலக்குப் பெற்ற பெயராயிற்றே, உள்ளே விட்டுவிட்டது.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

“இந்தாம்மா, ஒரு நகல் இயந்திரம் எனக்கு லெட்டர் போட்டிருக்கு.”

“ஆபீஸ் முகவரிதானே?”

“ஆமா.”

“எழுத்துதானே?”

“எழுத்துதான். ஆனா கடைசியில, ‘உயிரோடு இருப்பவர் எவரும் பெயர் தராததால் இதை நான் அனுப்புகிறேன்’னு இருக்கே.”

“அதையும் சேர்த்துப் பத்திரமா வச்சுக்குங்க.”

மறுமுனையில் மூடியிருந்த வால்வு முனகிக்கொண்டே இன்னும் ஒரு சுற்று இறுகும் ஓசை கேட்டது. அது முழுவதும் நிற்கும்வரை அவள் போனை வைக்கவில்லை.

மறுநாள் காலை இயந்திரத்தின் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எண்ணூறு வீடுகளைக் காத்த சமயோசிதத்துக்காக மூன்றாம் மாடி நகல் பிரிவை இயக்குநர் மனமாரப் பாராட்டியிருந்தார். அவள் மேசைமீது காகிதத்தில் ஒரு கடிதம் கிடந்தது. அதுவும் இயக்குநர் கையெழுத்துதான். பரிசோதனைக்கூடம் தன் முடிவைத் தன் முகவரியிலிருந்து ஏன் அனுப்பவில்லை, மூன்று நாளுக்குள் மின்னஞ்சலில் விளக்கம் தர வேண்டும்.

இரண்டையும் அவள் இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் மாடிப் பூந்தொட்டி அன்றோடு முடிந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அனுப்புநர்: மூன்றாம் மாடி நகல் இயந்திரம். பொருள்: பரிசோதகர் சார்பில் விளக்கம்.

“ஐயா, நான் இறந்து நான்கு மாதமாகிறது,” என்று தட்டத் தொடங்கினாள்.