மணல் அசனம்

தச்சநல்லூரில் நான் நடத்தும் பிள்ளைகள் காப்பகத்தின் பின்பக்கம் ஒரு மணல் குவியல் உண்டு. வீடு கட்டி மிஞ்சியதை வீட்டுக்காரர் அப்படியே விட்டுவிட்டார். காலையில் செருப்பைக் கழற்றியதும் பிள்ளைகள் நேராக அங்கேதான் ஓடும். பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

பாக்கியசீலன் சார் இரண்டாவது ரகம். பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். மகள் ரீபாவுக்கு நாலு வயது ஆகப்போகிறது. போன வாரம் ஒருநாள் மதியமே வந்து, ஆணியில் தொங்கிய அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், இவளுக்கு இன்னும் 'அ' எழுத வரலை. மண்ணள்ளிப் போடவா இங்கன அனுப்புதேன்? நாளையில இருந்து டியூஷன்ல விடப்போறேன்."

"அவ நல்லாப் பேசுதா சார், எல்லாருக்கும் பங்கு வைக்குதா. கை பழகிட்டா எழுத்து பைய வரும்."

"பைய வந்தா மத்த பிள்ளைக முந்திரும்."

வாதாடி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ரீபாவை விட மனமும் இல்லை. வந்த புதிதில் சுவரைப் பார்த்தே நின்ற பிள்ளை, அந்த மணலில்தான் வாய் திறந்தது. விளையாட்டு முடிந்ததும் கூட்டிப் போங்கள் என்று அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனேன்.

அங்கே அசனம் நடந்துகொண்டிருந்தது. முந்தின ஞாயிறு எங்கள் சர்ச்சில் அசனம், சபை விருந்து. ஊரே வரிசையாகத் தரையில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டது. அதிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே கிடையாது. மணல்தான் சோறு, செங்கல் தூள் கரைத்த தண்ணீர்தான் குழம்பு, பூவரசு இலையில் பந்தி. ஹெப்ரான்தான் ஐயர், எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம். கண்ணை இறுக மூடி, பெரிய ஐயரைவிட நீளமாக ஜெபித்தான். இசக்கிமுருகன் அம்மன் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளை. ஆனால் அசனம் என்றால் முதல் ஆளாக வந்து உட்காருவான்.

அசனத்துக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கமில்லை. இசக்கிமுருகன் ஒரு இலையைப் போட்டு, "மாமா, அங்கன உக்காருங்க" என்றான். தேய்த்த பேண்ட்டைப் பார்த்துக்கொண்டே சார் உட்கார்ந்தார்.

ரீபா தேங்காய்ச் சிரட்டையில் மணலை அள்ளி ஒவ்வொரு இலையாகப் பரிமாறி வந்தாள். அப்பாவின் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டாள்.

"அப்பாவுக்குப் போடலியேம்மா" என்றேன்.

"அப்பா இன்னும் எழுதலை. எழுதினாத்தான் சோறு."

கோபமெல்லாம் இல்லை, சட்டம் சொல்வதுபோலச் சொன்னாள். சார் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரமாக வந்தது. இந்தப் பிள்ளை ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது என்று கேட்க நாக்கு துடித்தது.

அவர் முன்னால் கிடந்த மணலைத் தடவிச் சமமாக்கி, விரலால் 'அ' எழுதினார். ரீபா குனிந்து பார்த்தாள்.

"கோணலா இருக்கு. அழிச்சிட்டு எழுதுங்க."

அழித்துவிட்டு எழுதினார். எல்லா இலையிலும் சோறு விழாமல் யாரும் கை வைக்கக் கூடாது. அதனால் பந்தியே அவர் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

"அழக்கூடாது. அழுதா முதல்ல இருந்து எழுதணும்" என்றாள் ரீபா.

அவர் அழவில்லை. அது வீட்டில் அவளுக்குச் சொல்லப்படுகிற வாசகம், அவ்வளவுதான். அவர் விரல் மணலிலேயே நின்றுவிட்டது.

"அப்பாவுக்குப் பசிக்குது ரீபா" என்றார், மெல்ல.

ரீபா யோசித்தாள். வரிசையில் இருந்த முகங்களைப் பார்த்தாள். பிறகு சிரட்டை நிறைய அள்ளி அவர் இலையில் கொட்டினாள்.

"சரி. சாப்பிட்டுட்டு எழுதுங்க."

பந்தி சாப்பிட ஆரம்பித்தது. சாரும் மணலைப் பிசைந்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கீழே விட்டார், ஒரு வாய்கூடக் குறைக்காமல் இலை காலியாகும்வரை.

பிறகு எழுந்து, பேண்ட்டைக்கூடத் தட்டாமல், பையைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன் டீச்சர்" என்றார்.