இன்னும் ஒரு சாண்

அப்போந்தியின் வீட்டில் ஒரு சொல்லுக்கு மட்டும் அனுமதி கிடையாது. ‘இருந்தார்’ என்பதுதான் அந்தச் சொல். அவள் கணவன் ஒகோலா மீன் பிடிக்க ஏரிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. படகு மட்டும் குப்புறக் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. “நல்ல மனுஷனா இருந்தாரு” என்று யாராவது வாயெடுத்தால் போதும், “இருக்காரு” என்று அப்போந்தி வெட்டிவிடுவாள். ஆறுதல் சொல்ல வந்த பாதிரியாரையே அப்படித் திருத்தி அனுப்பியவள் அவள். அதன் பிறகு ஊரில் எல்லோரும் அவள் முன்னால் இலக்கணம் பார்த்துத்தான் பேசினார்கள்.

கொழுந்தன் ஒகுத்து மட்டும் விடுவதாக இல்லை. உடல் கிடைக்காதவருக்கு யாகோ மரத்தின் நீளக் காயை ஆளாகப் பாவித்து, அவருடைய துணியைச் சுற்றி, முறையாகப் படுக்கவைத்துப் புதைப்பது அவர்கள் வழக்கம். அதைச் செய்யாதவரை போனவர் ஓய முடியாது. “அண்ணன் அலையறான் அண்ணி” என்பான் ஒகுத்து. “அலையல. வந்துக்கிட்டு இருக்காரு” என்பாள் அவள். ஒகோலாவின் பழுப்புக் கோட்டு தகரப் பெட்டியின் அடியில் துவைக்காமல் அப்படியே இருந்தது. வந்ததும் குளிருக்குப் போட அவருக்கு ஏதாவது வேண்டாமா?

அன்று மதியம் அவள் வலையில் பொடிமீனைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அர்வா மூச்சிரைக்க வந்தாள்.

“ஏண்டி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒகோலாவுக்கு உருவம் செஞ்சுட்டியாமே! அவரு கோட்டைப் போட்டுப் பள்ளிக்கூடத்துச் சோளத்துல நிக்க வச்சிருக்காம்.”

“என்னடி உளறுற?”

“நானா உளறுறேன்? சந்தை முழுக்க இதே பேச்சு.”

அப்போந்தி வீட்டுக்குள் ஓடிப் பெட்டியைத் திறந்தாள். கோட்டு இல்லை. மீன் நாற்றம் வீசும் கையைக்கூடக் கழுவாமல் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு அறை, ஒரு கொய்யா மரம், கொஞ்சம் சோளம், அவ்வளவுதான். அரசாங்கம் பாடத்தை மாற்றி, இனிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கையால் செய்து படிக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து பெற்றவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. ஒரு வாரம் முட்டை ஓடு கொண்டுவரச் சொல்வார்கள், மறுவாரம் சைக்கிள் டியூப். படிப்பது பிள்ளையா, நாமா என்று புலம்பாத தாய் இல்லை. ஆனால் டீச்சர் கவாட்டாவைப் பிள்ளைகளுக்கு உயிர். கிழக்கே கம்பா நாட்டுப் பெண் அவள். ஏரிக்கரை மொழி பாதி தெரியும், வழக்கம் அதில் பாதிகூடத் தெரியாது. இப்போது சோளக்கொல்லைப் பொம்மை செய்யும் பாடம்.

கொல்லையில் மூன்று பொம்மைகள் நின்றன. முதல் இரண்டின் தலையிலும் குருவிகள் சாவகாசமாக உட்கார்ந்து சோளம் கொத்திக்கொண்டிருந்தன. மூன்றாவது பொம்மை பழுப்புக் கோட்டு போட்டிருந்தது. அப்போந்தி வேலியைத் தாண்டியபோது ஏரிக் காற்று அடித்தது. கோட்டின் வலது கை மெல்ல மேலே எழுந்தது, கரையிலிருந்து படகைக் கூப்பிடும் ஆளின் கை போல. குருவிகள் கும்பலாகப் பறந்தன. அப்போந்தி வேலியோரமே நின்றுவிட்டாள்.

“அம்மா!” என்று மகள் அகெயோ ஓடிவந்தாள். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? சும்மா நின்னா குருவி பயப்படாதும்மா. நாங்க மரத்தடியில உக்காந்து பாத்தோம். கை அசையணும். டியூபை வெட்டித் தோள்ல கட்டினேன். கை ரொம்ப லேசா இருந்தா ஆடிக்கிட்டே இருக்கு, குருவிக்குப் பழகிடுது. அதான் கைக்குள்ள கல்லு போட்டேன். இப்ப பெரிய காத்துக்குத்தான் தூக்கும்.”

“யாரைக் கேட்டுடி கோட்டை எடுத்தே?”

அகெயோவின் முகம் சுருங்கியது. “வீட்ல யாரும் போடாத துணி கொண்டுவரச் சொன்னாங்க மேடம்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “யாரும் போடலையேம்மா.”

அப்போந்தி வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் மணி கேட்டது. ஒகுத்து வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தான். பின்னால் கேரியரில் முழங்கை நீளத்துக்கு ஒரு யாகோ காய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அண்ணி மனசு மாறுவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவனுக்கு.

“ஒரு வழியா மனசு வந்துச்சே அண்ணி! ஆனா இப்படி நிக்க வச்சிருக்கீங்களே? அவனைப் படுக்கல்ல வைக்கணும்?”

மற்றப் பிள்ளைகளோடு வகுப்பறையிலிருந்து வந்த கவாட்டாவின் கண் காயில் விழுந்தது. பெற்றவர் ஒருவர் தானாகவே பாடத்துக்குப் பொருள் கொண்டுவருவது அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

“ரொம்ப நன்றிங்க ஐயா! எவ்வளவு பெரிய காய்! பிள்ளைங்களா, அளவுகோலை எடுத்துட்டு வாங்க, நீளம் பாப்போம்!”

ஒரு பிள்ளையும் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்து, அடிவாங்கி அடங்கினார்கள். முன்னால் நின்ற சிறுமி ஒருத்தி டீச்சரின் பாவாடையைப் பிடித்து இழுத்து, “மேடம், அது செத்தவங்களுக்கு” என்றாள். பிறகு கோட்டைக் காட்டி, அது யாருடையது என்பதையும் காதோடு சொன்னாள்.

கவாட்டாவின் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ, எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க. இப்பவே கழட்டித் தர்றேன்” என்று பொம்மையிடம் ஓடினாள்.

“வேணாம் மேடம்!” அகெயோ குறுக்கே போய் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இன்னும் உயரம் சரிபாக்கல. அம்மா, நீயே சொல்லு. உயரம் சரியா இருக்கா? எனக்கு மறந்துபோச்சு.”

“எதை வச்சுடி உயரம் எடுத்தே?” அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று அப்போந்திக்கே தெரியவில்லை.

“அப்பா தோள்ல உக்காந்து கையைத் தூக்கினா நம்ம கூரைத் தகரம் சரியா எட்டும்ல? கூரை உயரத்தை அளந்தேன். நான் உக்காந்து கையைத் தூக்கினா எவ்வளவுன்னு மேடம் அளந்தாங்க. அதைக் கழிச்சேன். மிச்சம் அப்பா தோள்.”

அப்போந்தி பொம்மையின் அருகில் போனாள். இரண்டு வருஷமாக அவள் தொடாத கோட்டு அது. தோளில் கை வைத்தாள். கை தாழ்வாக நின்றது. அந்தத் தோள் எங்கே இருக்க வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். கணக்கு எங்கே பிசகியது என்று யோசித்தாள். திரும்பி மகளைப் பார்த்தாள். பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. சட்டைக் கை முழங்கையைத் தாண்டவில்லை. இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் பார்க்கவில்லை.

“நீ இப்ப இருக்கற அளவைக் கழிச்சிருக்கே” என்றாள். “அப்ப நீ சின்னவடி. இப்ப வளந்துட்டே. அதான் குறையுது. உங்கப்பா இன்னும் ஒரு சாண் உயரமா இருந்தாரு.”

ஒகுத்து தொப்பியைக் கழற்றினான். அந்தச் சொல்லை அவன் கேட்டான், அகெயோ கேட்டாள், வேற்றூர்க்காரி கவாட்டாவுக்குக்கூட அதில் ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. அப்போந்தி தன் வாயிலிருந்து வந்ததைத் திருத்தவில்லை. கண்ணீர் வந்தது, மீன் செதில் ஒட்டிய கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

ஒகுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான். “அப்ப இந்தக் காயை...”

“சோளம் அறுப்பு முடியட்டும் தம்பி. அதுவரைக்கும் நிக்கட்டும். அப்புறம் கோட்டைக் கழட்டித் தர்றேன். நானே சுத்தித் தர்றேன்.”

“அதுக்குள்ள இது காஞ்சு போயிடுமே அண்ணி.”

“மரத்துல வேற காய்க்கும்.”

கயிற்றை அவிழ்த்துக் காயைக் கொய்யா மரத்தடியில் இறக்கிவைத்தான் ஒகுத்து. பிறகு யாரும் கூப்பிடாமலே கொல்லைக்குள் வந்து, பொம்மை நின்ற கழியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். அப்போந்தி மண்ணில் மண்டியிட்டுக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை கையை விரித்து, கழியின் அடியில் ஒரு சாண் அளந்தாள்.

“இவ்வளவு தூக்குங்க தம்பி. அகெயோ, அடியில போடக் கல்லு எடுத்துட்டு வா.”