ரெமெடல்

தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே தலைமையாசிரியர் வில்யாமோர். அவருக்கு வலப்பக்கம் மெத்தை நாற்காலியில், பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுத்த திருமதி அர்சாகா. சுவரோரப் பெஞ்சில், பட்டியலும் பேனாவுமாக நான்காம் வகுப்பு ஆசிரியை எஸ்தெலிதா. அதே பெஞ்சில் இடம் இருந்தும், வாசலருகே தரையில் நோர்மிங். மகள் இமெலைப் பற்றிப் பேசவேண்டும் என்று சொல்லியனுப்பியதால் மலைக் குடியிருப்பிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

மற்ற மூவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அது நோர்மிங்குக்குப் புரியாது என்பதால்தான் அதில் பேசினார்கள்.

"என் பொண்ணு பக்கத்துல அந்த மலைக்காரப் பொண்ணு உக்கார வேண்டாம். அவ்வளவுதான் சார்" என்றாள் திருமதி அர்சாகா.

"ரெமெடியல் வகுப்புக்கு மாத்திடலாம்" என்றார் வில்யாமோர்.

"இமெல் வாசிப்புல வகுப்புலயே மூணாவதா வர்றா, சார்" என்றாள் எஸ்தெலிதா.

"ரெமெடியல்னா தண்டனையா, மேம்? குறையைச் சரிபண்றதுன்னு அகராதியிலேயே இருக்கு. எழுதுங்க. அடுத்த மாசம் உங்க வேலை நிரந்தரமாகணும், என் கையெழுத்து வேணும்ல?"

எஸ்தெலிதா எழுதினாள்.

நோர்மிங் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டாள். "மேம், சார் ரெமெடல்னு சொன்னது காதுல விழுந்துச்சு. போன வருஷம் வாசிப்புக்கு மெடல் குடுத்தீங்க. மறுபடியும் மெடலா?"

திருமதி அர்சாகா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஆமான்னு சொல்லுங்க மேம். சந்தோஷமா போகட்டும், பாவம்."

எஸ்தெலிதா தலையசைத்துவிட்டாள்.

நோர்மிங் பள்ளி வாசலைத் தாண்டுவதற்குள் அந்தத் தலையசைப்பு எஸ்தெலிதாவைத் துரத்தியது. ஓடிப்போய் அவளை நிறுத்தினாள்.

"மெடல் இல்ல, நோர்மிங். வாசிக்க வராத பிள்ளைங்களை வைக்கிற வகுப்பு அது."

"எம் பொண்ணுக்கு வாசிக்க வரலையா?"

"நல்லா வரும்."

"அப்புறம் ஏன் மேம் தலையாட்டுனீங்க?"

நோர்மிங் மலைப்பாதையைப் பார்த்து நடந்தாள்.

பள்ளி விட்டதும் எஸ்தெலிதா காலி வகுப்பறையில் உட்கார்ந்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினாள்.

'ஒன்று: இமெலுக்கு வாசிப்பில் குறை இல்லை. இரண்டு: இன்னொரு பெண்ணின் பக்கத்தில் அவள் உட்காரக் கூடாது என்பதற்காகவே ரெமெடியல் பட்டியலில் அவள் பெயர் சேர்க்கப்பட்டது. மூன்று: தெரிந்தே அதை எழுதியவள் நான். சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியலில் என் பெயரை முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளவும்.'

கையெழுத்திட்டாள். உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டி, மாவட்டத் தலைநகருக்குப் புறப்பட நின்ற ஜீப்னி வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் குடுத்தா போதுமா, மேம்?"

"இன்னைக்கே குடுத்துடுங்க, அண்ணே. நாளைக்குள்ள எனக்குப் பயம் வந்துடும்."